வசனக்காரம்மாவின் பத்துக் கட்டளை

வசனக்காரம்மாவுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை அவரிடமே கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார். ஒல்லி உடம்பு, நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி, எத்தனை சோப்புப் போட்டாலும் நடுவிரலை விட்டுப் போகாத வெள்ளைப் பெயின்ட் கறை, வயது ஐம்பத்தேழு. கடைப் பலகை, பள்ளிக்கூடப் பலகை, கிளினிக் பலகை எல்லாம் எழுதுவார். ஆனால் பேர் வாங்கிக் கொடுத்தவை வேத வசனம் எழுதிய பலகைகள்தான். புது வீட்டுக்குக் குடி போகிறவர்கள், ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்தவர்கள் என்று யார் வந்து, "ஒரு நல்ல வசனமாப் பார்த்து எழுதிக் குடுங்கம்மா" என்று கேட்டாலும், ஆளை ஏற இறங்க ஒரு பார்வை பார்ப்பார். கோபக்காரருக்குச் சமாதானத்தைப் பற்றிய வசனம். கஞ்சனுக்குக் கொடுப்பதைப் பற்றிய வசனம். கொண்டு போய் மாட்டிய பிறகுதான் அந்த வீட்டுக்காரிக்கு விஷயம் பிடிபடும். பிடிபட்டாலும் வெளியே சொல்ல மாட்டாள்.

அவருடைய கணவருக்கு ஊர் வைத்த பெயர் மூக்கு டாக்டர். மருத்துவம் படித்தவர் இல்லை, சுரூபம் என்று கத்தோலிக்கர்கள் சொல்லும் புனிதர் சிலைகளைப் பழுது பார்ப்பவர். மாதாவோ சூசையப்பரோ, எந்தச் சுரூபம் கீழே விழுந்தாலும் முதலில் போவது மூக்குதான் என்பது அவருடைய அனுபவம். பிளாஸ்டர் மாவைக் குழைத்து ஒரு மூக்கை ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்து, சாயம் தீட்டி அனுப்பினால், அந்தச் சுரூபத்தின் கூடப் பிறந்தவர்களாலும் கண்டுபிடிக்க முடியாது. "நாளைக்கு ரெடி" என்று எல்லோரிடமும் சொல்வார். எந்த நாளைக்கு என்று மட்டும் சொல்ல மாட்டார்.

டாக்டர் கத்தோலிக்கர். வசனக்காரம்மா கத்தோலிக்கர் அல்லாத சபை. இவர்கள் எப்படிச் சேர்ந்தார்கள் என்று கேட்டால் இருவரும் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். பெயின்ட் கடையில் வெள்ளை எனாமல் கடைசி டப்பா ஒன்றுதான் இருந்தது, இருவரும் ஒரே நேரத்தில் அதன் மேல் கை வைத்தார்கள் என்பது வரை இரண்டு கதையும் ஒத்துப்போகும். விட்டுக்கொடுத்தது யார் என்பதில்தான் சண்டை. கல்யாணப் பேச்சு வந்தபோது, பெண் வீட்டார் "சுரூபம் கும்பிடுறவங்களா" என்று மூக்கின் மேல் விரல் வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் "மாதாவை மதிக்காதவங்களா" என்று அதே மூக்கின் மேல் அதே விரலை வைத்தார்கள். இரண்டு தரப்பும் ஒரே ஆண்டவரைத்தான் கூப்பிட்டு முறையிட்டுக்கொண்டிருந்தன. அவர் யார் பக்கமும் சேராமல் இருந்ததால் கல்யாணம் ஒருவழியாக நடந்து முடிந்தது.

நடந்து முப்பத்தொரு வருடம் ஆகிறது. வீட்டின் முன்னறை டாக்டரின் ஆஸ்பத்திரி. கை போனவர், கால் போனவர், தலை மட்டும் தனியாக வந்து சேர்ந்தவர் என்று மேசை நிறைய நோயாளிகள். அடுப்படி வசனக்காரம்மாவின் ராஜ்யம். சுவர் தெரியாமல் பலகைகள். எழுதிப் பழகியவை, ஆர்டர் கொடுத்துவிட்டு யாரும் வாங்க வராதவை, கொடுக்க மனசு வராமல் வைத்துக்கொண்டவை. சுரூபம் எதுவும் அடுப்படி வாசலைத் தாண்டக் கூடாது என்பது அம்மா போட்ட சட்டம். ஆஸ்பத்திரியில் வசனம் எதுவும் மாட்டக் கூடாது என்பது டாக்டர் போட்ட சட்டம். டர்பன்டைன் டப்பா மட்டும் பொது. இரண்டு பேருடைய பிரஷும் அதற்குள்தான் குளிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றாகக் கிளம்பி, ஆளுக்கொரு பக்கம் போய், மத்தியானம் ஒன்றாகச் சாப்பிட உட்காருவார்கள். ஒரே மகள் வெளியூரில் வேலை பார்க்கிறாள். அவள் எந்தக் கோயிலுக்குப் போகிறாள் என்று இருவரும் போனில் ஜாடைமாடையாகக் கேட்டுப் பார்த்தாகிவிட்டது. "ஆபீஸ்ல நிறைய வேலைப்பா" என்பதைத் தாண்டி இதுவரை பதில் வரவில்லை.

ஒருவர் மற்றவரைத் தன் பக்கம் இழுக்கவில்லை. அது சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். வசனக்காரம்மாவுக்கு அவருடைய சபையில் 'சுரூபக்காரர் சம்சாரம்' என்று பெயர். அங்கே ஜெபக் குறிப்பில் டாக்டருடைய மனமாற்றம் முப்பத்தொரு வருடமாக மூன்றாவது இடத்தில் இருக்கிறது. கணவருடைய கோயிலிலோ அவர் 'வேற சபைக்காரி'. கல்யாணத்தன்று உள்ளே போனதுதான். அதற்குப் பிறகு ஏதாவது சாவுக்கோ கல்யாணத்துக்கோ போனாலும், கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டுச் சத்தமில்லாமல் வந்துவிடுவார்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பலகை வந்தது.

டாக்டரின் கோயிலில் பிள்ளைகளின் மறைக்கல்வி வகுப்புக்குப் புது ஹால் கட்டி முடித்திருந்தார்கள். பங்குச் சாமியார் இளவயதுக்காரர், வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. எப்போதும் ஒரு கால் ஓட்டத்தில் இருக்கும். "டாக்டர், ஹால் சுவருக்குப் பத்துக் கட்டளை எழுதின பலகை ஒண்ணு வேணும். கடைசி பெஞ்சுல இருக்கிற பிள்ளைக்கும் தெரியணும்" என்றார்.

"அதுக்கு ஏன் ஃபாதர் வெளியில தேடணும்? எங்க வீட்லயே ஆள் இருக்கே."

பக்கத்தில் ஹெட்மாஸ்டர் நின்றிருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று மறைக்கல்வி வகுப்பைக் கையில் எடுத்துக்கொண்டவர். குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. "அவங்க வேற சபையாச்சே" என்றார்.

"எழுத்து எழுதுறதுக்கு என்ன சார் சபை? பத்துக் கட்டளை எல்லாருக்கும் ஒண்ணுதானே!"

"ஒண்ணுதான், ஒண்ணுதான்" என்று சொல்லிக்கொண்டே சாமியார் பைக்கில் ஏறிப் போய்விட்டார். எழுத வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சாமியாருக்கும் தோன்றவில்லை, ஹெட்மாஸ்டருக்கும் தோன்றவில்லை. சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகத் தெரிந்த ஒன்றை யார்தான் தாளில் எழுதிக் கேட்பார்கள்?

செய்தி வீட்டுக்கு வந்ததும் வசனக்காரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே காட்டிக்கொள்ளாமல், "பார்ப்போம், கையில வேலை நிறைய இருக்கு" என்று பிகு செய்தார். மறுநாளே எட்டடிக்கு நாலடி ஒட்டுப்பலகை வாங்கி வந்தாயிற்று. இரண்டு கை பிரைமர், நடுவில் உப்புத்தாள், மேலே நீலம். நீலத்துக்குத் தன் டப்பாவைத் திறக்கவில்லை. டாக்டர் மாதாவின் மேலாடைக்குக் கலக்கும் நீலத்தையே கேட்டு வாங்கிப் பூசினார். அவர்கள் ஹாலில் அந்த நீலம்தான் பாந்தமாக இருக்கும் என்று பட்டது. சாக்பீஸ் பொடி தடவிய நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டிக் கோடு போட்டு, வெள்ளையில் எழுத்து, இடது ஓரம் சிவப்பு வட்டத்துக்குள் எண். பத்தாவது கட்டளை மட்டும் ஒரே வரியில் அடங்காமல், பிறர் மனைவி ஒரு வரி, பிறர் பொருள் ஒரு வரி என்று இரண்டாகப் போயிற்று.

மூன்று நாள் சாயங்காலமும் டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து, மேலிருந்து கீழே சத்தமாகப் படித்துப் பார்த்தார். "ஒரு பிழை இல்ல. அச்சுல வார்த்த மாதிரி இருக்கு" என்றார். அம்மா அன்றைக்குக் கொஞ்சம் சீக்கிரமே தூங்கப் போனார். சந்தோஷம் வந்தால் அவருக்குத் தூக்கமும் கூடவே வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை தன் சபை முடிந்த கையோடு, நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, டாக்டரோடு அந்த ஹாலுக்குப் போனார். பலகையை முந்தின நாளே மாட்டியிருந்தார்கள். அதற்கு நேர் கீழே, ஒரு சின்ன மேசையில், போன மாதம் டாக்டர் மூக்கு வைத்துக் கொடுத்த மாதா சுரூபம். சாமியார் இரண்டாவது பூசைக்காக வேறு ஊருக்குப் போயிருந்தார். பிள்ளைகளும், அவர்களைப் பெற்றவர்களுமாக ஹால் நிறைந்திருந்தது. வசனக்காரம்மா வாசலை ஒட்டி நின்றுகொண்டார்.

ஹெட்மாஸ்டர் பலகைக்கு முதுகைக் காட்டி நின்று, பழைய பள்ளிக்கூடக் குரலை எடுத்தார். "நாலாம் கட்டளை?"

"தாய் தந்தையை மதித்து நட!" என்றன அறுபது வாய்கள்.

முதல் பெஞ்சில் இருந்த ஒரு சின்னப் பெண் கையைத் தூக்கினாள். "சார், போர்டுல அப்படி இல்லையே. நாலாவது ஓய்வு நாளாம். தாய் தந்தை அஞ்சாவதா இருக்கு."

ஹெட்மாஸ்டர் திரும்பினார். படித்தார். படித்துக்கொண்டே மேலே போனவர் இரண்டாவதில் நின்றுவிட்டார்.

விஷயம் இதுதான். பத்துக் கட்டளை இரண்டு தரப்புக்கும் பத்துதான், எண்ணுகிற விதம் வேறு. சுரூபங்களைச் செய்து வணங்காதே என்பதை வசனக்காரம்மாவின் சபையில் இரண்டாவது கட்டளையாகத் தனியே எண்ணுவார்கள். கத்தோலிக்கர்கள் அதை முதல் கட்டளைக்குள்ளேயே சேர்த்துக்கொள்வார்கள். அங்கே ஒன்று குறைவதால், கடைசியில் பிறர் மனைவி ஒன்று, பிறர் பொருள் ஒன்று என்று பிரித்துப் பத்தாக்கிக்கொள்வார்கள். நடுவில் உள்ளவை எல்லாம் ஒரு படி மேலேயோ கீழேயோ போய்விடும். தெரிந்தவர்களுக்கு இது ஒன்றுமில்லை. அன்றைக்கு ஹாலில் இருந்த யாருக்கும் தெரியவில்லை. அவர்கள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம், மாதா சுரூபத்தின் தலைக்கு நேர் மேலே, மாதாவின் நீலத்திலேயே, சுரூபம் வைக்காதே என்று தனி எண் போட்டு ஒரு வேற்றுச் சபைக்காரி எழுதி வைத்திருக்கிறாள் என்பதுதான்.

"இது தவறி வந்த மாதிரித் தெரியலையே" என்றார் ஹெட்மாஸ்டர். "இடம் பார்த்து, கலர் பார்த்து எழுதியிருக்கு."

"சார், எங்களுக்கு இதுதான் வரிசை. உங்களுக்கு வேற மாதிரின்னு எனக்குச் சத்தியமாத் தெரியாது" என்றார் வசனக்காரம்மா. குரல் அவருக்கே கேட்கவில்லை.

"முப்பது வருஷம் கத்தோலிக்க வீட்ல வாழ்ந்திருக்கீங்க. தெரியாதா?"

எல்லோரும் டாக்டரைப் பார்த்தார்கள். வசனக்காரம்மாவும் பார்த்தார். 'அவ அப்படிப்பட்டவ இல்ல சார்' என்று ஒரு வார்த்தை போதும். டாக்டர் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். உதடு மட்டும் எதையோ முணுமுணுத்தது. முகத்தில் ஈயாடவில்லை. வாயும் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, சேலையைக்கூட மாற்றாமல் அம்மா கேட்டார். "நீங்களும் நான் வேணும்னே எழுதினேன்னுதான் நினைக்கிறீங்களா?"

"எனக்குக் கொஞ்சம் யோசிக்கணும்" என்றார் டாக்டர்.

இதைவிட மோசமான ஒரு பதிலை ஒருத்தர் உட்கார்ந்து தயாரித்தாலும் தயாரிக்க முடியாது. "யோசிங்க, நல்லா யோசிங்க" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குள் போனார். அன்றிலிருந்து தட்டு வைக்கும் சத்தம் மட்டும்தான் பேச்சு.

திங்கட்கிழமை சபைச் செயலாளரின் மனைவி போன் செய்தார். செய்தி அதற்குள் அங்கேயும் போயிருந்தது. "அக்கா, சரியான அடி குடுத்திருக்கீங்க! அவங்க கோயிலுக்குள்ளயே போய், அவங்க சுவத்துலயே!"

"நான் யாரையும் அடிக்கல. எனக்குத் தெரியாம நடந்துபோச்சு."

"அதைத்தான் சொல்றேன். உங்களுக்கே தெரியாம ஆண்டவர் உங்க கையை உபயோகப்படுத்தியிருக்கார்!"

அம்மா போனை வைத்த வேகத்தில் மேசையில் இருந்த பிரஷ் உருண்டு கீழே விழுந்தது. அங்கே திட்டுகிறார்கள், இங்கே பாராட்டுகிறார்கள், இரண்டு பேருமே அவர் வேணும்னே செய்தார் என்பதில் மட்டும் ஒற்றுமை. முப்பத்தொரு வருடமாக வராத ஒற்றுமை இதில் வந்திருக்கிறது! எரிச்சலில் அழுகை வந்தது. ஊர் பேசினால் பேசிவிட்டுப் போகிறது. அவருக்கு வலித்தது அதற்காக இல்லை. இவள் மனசறிந்து செய்திருக்க மாட்டாள் என்று சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆள் இருந்தார். அந்த ஆள் வாயைத் திறக்கவில்லை. ஒரே டர்பன்டைன் டப்பாவில் பிரஷ் கழுவிய முப்பத்தொரு வருடத்துக்குப் பிறகும் நம்பிக்கை வரவில்லை என்றால், இனி எப்போது வரப் போகிறது?

செவ்வாய்க்கிழமை, டாக்டர் வெளியே போயிருந்தபோது, தன் வேதாகமத்தை எடுத்துப் பத்துக் கட்டளை வரும் அதிகாரத்தைத் திறந்தார். எத்தனையோ தடவை படித்ததுதான். இந்தத் தடவை எண்ணைத் தேடிப் படித்தார். முதல் கட்டளை, இரண்டாம் கட்டளை என்று அங்கே எங்கும் போடவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். எண் போட்டதெல்லாம் பிறகு வந்தவர்கள். அம்மாவுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. எழுந்து முன்னறைக்குப் போய், கை உடைந்த இரண்டு பேருக்கு நடுவில் இருந்த டாக்டரின் கத்தோலிக்க வேதப் புத்தகத்தை முதல் தடவையாக எடுத்து அதே இடத்தைத் திறந்தார். சுரூபம் செய்து வணங்காதே என்ற வாக்கியத்தை அவர்கள் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டிருப்பார்கள் என்றுதான் சின்ன வயதிலிருந்து கேள்விப்பட்டிருந்தார். அது அங்கே இருந்தது. தமிழ் நடை கொஞ்சம் வேறு, மற்றபடி ஒரு சொல் குறையாமல் இருந்தது. 'அப்போ நானும் இவங்களைப் பத்தித் தெரியாமத்தான் பேசிட்டிருந்திருக்கேன்' என்று நினைத்துக்கொண்டார். புத்தகத்தை எடுத்தது தெரியாதபடி அதே இடத்தில் வைத்தார்.

புதன்கிழமை மத்தியானம் நீல டப்பா, வெள்ளை, சிவப்பு, மூன்று பிரஷ் என்று பையில் போட்டுக்கொண்டு அந்த ஹாலுக்குப் போனார். வீட்டில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆளிடம்தான் பேச்சே இல்லையே. ஹாலில் சாமியார் தனியாக பெஞ்சு இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா! நானே உங்க வீட்டுக்கு வரணும்னு இருந்தேன். தப்பு எம்மேலதான். ஒரு தாள்ல எழுதிக் குடுத்திருக்கணும்."

"ஃபாதர், நான் இதைச் சரி பண்ணிக் குடுத்திடுறேன். ஆனா ஒண்ணு. ரெண்டாவது கட்டளையை என் கையால அழிக்க மாட்டேன். அது வேத வார்த்தை. அதை மட்டும் கேட்காதீங்க."

சாமியார் பலகையை நிமிர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எதுக்கு அழிக்கணும்? அது எங்களுக்கு முதல் கட்டளையோட சேர்ந்தது. இருக்கட்டும். எண்ணை மட்டும் மாத்துங்க போதும். மூணை ரெண்டாக்குங்க, நாலை மூணாக்குங்க. கடைசியில நீங்களே ரெண்டு வரியாத்தான் எழுதியிருக்கீங்க. ஆளுக்கொரு எண்."

அம்மா மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். சரியாக வந்தது. எழுத்தில் ஒரு புள்ளியைக்கூடத் தொட வேண்டாம். இதற்கா இவ்வளவு ரகளை?

ஏணியில் ஏறி, முதலில் இரண்டு என்ற எண்ணை நீலத்தால் மூடினார். மூன்றை இரண்டாக்கி, நான்கில் கை வைக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. டாக்டர் வந்துகொண்டிருந்தார். கூடவே ஹெட்மாஸ்டர். அவரை டாக்டர் வீடு தேடிப் போய்க் கையோடு கூட்டி வந்திருக்கிறார். மனைவி ஏணியில் நிற்பதை டாக்டர் எதிர்பார்க்கவில்லை. ஒரு நிமிஷம் தடுமாறினார். பிறகு ஹெட்மாஸ்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சார், ஃபாதரும் இருக்கார், நல்லதாப் போச்சு. ஞாயிற்றுக்கிழமை நான் பேசியிருக்கணும். பேசல. இந்தப் பலகையை மூணு நாள் விரல் வச்சுப் படிச்சவன் நான். எனக்குத் தப்பாவே தெரியல. ஏன்னா எனக்கும் அஞ்சாவதுதான் தாய் தகப்பன். அன்னைக்குப் பிள்ளைங்க சொன்னப்ப, பிள்ளைங்கதான் தப்பாச் சொல்லுதுன்னு நினைச்சேன்."

"நீங்க மறைக்கல்வி படிச்சவர்தானே?"

"படிச்சேன் சார். அது சின்ன வயசுல. எல்லாம் மறந்துபோச்சு. சாப்பிட உட்கார்ந்தா எனக்கு எதிர்ல அடுப்படிச் சுவர்ல இவ எழுதின பத்துக் கட்டளை. முப்பத்தொரு வருஷம், மூணு வேளை. இவளோட வரிசையே எனக்கும் வரிசையாப் போச்சு. வேணும்னே எழுதினாளான்னு கேட்டீங்க. வேணும்னே எழுதினா நான் கண்டுபிடிச்சிருக்க மாட்டேனா? எனக்கே தெரியாததை இவ எப்படி சார் வேணும்னு செய்வா?"

டாக்டர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இதைவிடக் கேவலம் ஒண்ணு இருக்கு. அதனாலதான் மூணு நாளா வாய் வரல. நான் சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்றப்ப, செஞ்ச பாவத்தை விவரமாச் சொல்றதுக்குக் கூச்சப்பட்டு, நம்பரை மட்டும் சொல்வேன். 'ஒன்பதாம் கட்டளையை மீறினேன் சாமி'ன்னு. பொய் சொன்னேன்னு அர்த்தம். இவ வரிசையில ஒன்பது அதுதான்."

ஏணியில் நின்ற வசனக்காரம்மா அப்போதுதான் பலகையைத் திரும்பிப் பார்த்தார். புது வரிசைப்படி ஒன்பதாவதாக வரப்போவது பிறர் மனைவி.

"பழைய சாமியார் 'எத்தனை தடவை?'ன்னு கேட்பார். 'ஞாயிறுதோறும் சாமி'ன்னு சொல்வேன். 'ஒரே ஆளா?'ன்னார் ஒரு நாள். 'ஒரே ஆள்தான் சாமி'ன்னேன். 'இனிமே அந்த ஆள் முகத்துலயே முழிக்காதே'ன்னார். 'அது எப்படி சாமி, ஒரே வீட்லல்ல இருக்கோம்'னேன். அவருக்கு இருமல் வந்திடுச்சு. அன்னைக்கு அம்பத்துமூணு மணி ஜெபமாலை மூணு தடவை சொல்லச் சொன்னார். ஒரு சின்னப் பொய்க்கு இவ்வளவான்னு நினைச்சுக்கிட்டே முட்டி போட்டுச் சொன்னேன் சார். இருபது வருஷம் அந்த மனுஷன் என்னை ஒரு மாதிரியாவே பார்த்தார். ஏன்னு இந்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிஞ்சுது."

சாமியார் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஹெட்மாஸ்டர் எத்தனையோ வருடம் வகுப்பறையில் சிரிப்பை அடக்கிப் பழகியவர், பல்லைக் கடித்துக்கொண்டு நின்று பார்த்தார். முடியவில்லை. பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். வசனக்காரம்மாவும் பிரஷைப் பிடித்தபடியே சிரித்துவிட்டார். நான்கை மூன்றாக்க வேண்டிய இடத்தில் சிவப்புப் பெயின்ட் ஒரு கோடாக இறங்கியது.

சிரித்து முடித்ததும் ஹெட்மாஸ்டர் எழுந்து ஏணியடிக்கு வந்தார். "அம்மா, நான் அவசரப்பட்டுப் பேசிட்டேன். அத்தனை பேர் முன்னால. இந்த ஞாயிற்றுக்கிழமை அவங்க அத்தனை பேர் முன்னாலயும் சரியாச் சொல்லிடுறேன்." ஏணியைப் பிடித்துக்கொண்டார். பத்தாவது எண் எழுதி முடிக்கும் வரை விடவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு இருவரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். பெயின்ட் பையை டாக்டர் வாங்கிக்கொண்டார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்" என்றார் அம்மா.

"சொல்லியிருக்கலாம். என் கட்டளையே எனக்குத் தெரியாதுன்னு அத்தனை பேர் முன்னால ஒத்துக்கத் தைரியம் இல்ல. அந்த வெட்கத்துல உன்னை விட்டுட்டேன். அது தப்பு."

அம்மா தலையாட்டினார். இன்னும் நாலு எட்டு வைத்திருப்பார், சட்டென்று நின்றார். அவருக்கு எதையும் கொஞ்சம் தாமதமாகத்தான் எண்ணிப் பார்க்க வரும். ஆனால் எண்ணினால் விட மாட்டார்.

"ஒரே ஆள், ஒரே வீடுன்னீங்களே. அப்போ அந்தப் பொய்யெல்லாம் என்கிட்டச் சொன்னதுதானே?"

டாக்டர் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "ம்."

"வாராவாரம்?"

"ஞாயிறு தவறாம."

"என்ன பொய்?"

ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனது. அது போகும் வரை டாக்டர் காத்திருந்தார்.

"ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு போடும்போது நீ கேட்பே. 'தனியாப் போய் உட்கார்ந்திருந்தீங்களே, கஷ்டமா இருந்துச்சா'ன்னு. 'சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல'ன்னு சொல்வேன். அந்தப் பொய்தான்." அவர் அம்மாவைப் பார்க்காமல் எதிர்வீட்டுக் கம்பிக் கதவைப் பார்த்துப் பேசினார். "பூசையில சமாதானம் சொல்ற இடம் ஒண்ணு வரும். எல்லாரும் அவங்கவங்க சம்சாரத்தைப் பார்த்துக் கும்பிடுவாங்க. எனக்குப் பக்கத்துல ஒரு தூணு. நான் அதைப் பார்த்துக் கும்பிட்டுட்டு வருவேன். நீ உன் சபையை விட்டு வரணும்னு நான் நினைக்கல. அது வேற. ஆனா கஷ்டமா இல்லன்னு சொன்னது பொய்."

வசனக்காரம்மா நடுத்தெருவில் நின்று, பெயின்ட் கறையோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் கேட்டு முடிச்சதும் நீங்க திருப்பிக் கேட்பீங்க, 'உனக்கு?'ன்னு. நானும் 'எனக்கென்ன'ன்னுதான் இத்தனை வருஷமும் சொல்லியிருக்கேன்" என்றார். "உங்களுக்காவது மாசாமாசம் போய் இறக்கி வைக்க ஒரு சாமியார் இருந்தார். எங்க சபையில அதுகூடக் கிடையாது. அத்தனை பொய்யும் எனக்குள்ளேயே கிடக்கு."